தட்டிப் பார்த்த கல்

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பட்டை உளியைக் கையில் எடுத்த சகாயராஜ், அதை மரத்தில் வைக்கும் முன்பே கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். உளியின் வாய் மாறியிருந்தது. காலையில் அவனே சாணை பிடித்து வைத்துவிட்டுப் போனது. அவன் கைக்கு வலப்பக்கம் சரிந்திருக்க வேண்டிய வாய் இப்போது இடப்பக்கம் சரிந்து, ஒரு நெல் நீளம் குறைந்தும் போயிருந்தது.

கடைசல் வேலைக்காரனுக்கு உளியின் வாய் அவனுடைய கையெழுத்து மாதிரி. சுழலும் கல்லில் ஒருவன் இரும்பை எப்படிச் சாய்த்துப் பிடிக்கிறானோ அப்படித்தான் வாய் அமையும். பத்துப் பேர் உளியைக் குவித்துப் போட்டாலும் இது இன்னாருடையது என்று பிரித்துவிடலாம். இடப்பக்கம் இப்படி வழித்துவிட்ட மாதிரி சரிவு இறக்குகிற ஆளைச் சகாயராஜுக்குத் தெரியும். அந்த ஆள் மார்கழி மாதமே செத்துப் போய்விட்டான். இது சித்திரை.

ஆகவே யாரோ விளையாடுகிறார்கள். அவனுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. நாகல்நகரில் பூட்டுப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில்தான் அவன் தொழில். மோட்டாரில் சுழலும் மரத்தில் உளியை வைத்துக் கட்டில் காலும் தொட்டில் குமிழும் மாடிப்படித் தூணும் கடைந்து எடுப்பான். சுவர்ப் பலகையில் ஐந்து ஓட்டை, ஐந்து உளி. தென்மூலையில் சாணை மெஷின். அதன் பக்கத்தில் சூடேறும் இரும்பை முக்கி எடுக்க ஒரு தகர டப்பாவில் தண்ணீர். இதில் எதையும் பிறத்தியான் தொடக் கூடாது. தொட்டவன் யாரென்று தெரிந்தால் கையை ஒடிக்கிற கோபம் அவனுக்கு.

எதிர்ப் பட்டறையில் பூட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த மன்சூரிடம் போய், உன் ஆட்கள்தான் என் மெஷினில் கை வைத்தது என்று சத்தம் போட்டான். மன்சூர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை.

"மத்தியானம் பூரா கல்லு ஓடுற சத்தம் கேட்டுச்சே ராஜண்ணே. நீங்க உள்ளதான் இருக்கீகன்னு நெனச்சேன்."

அவன் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தான். திரும்பி வந்து டப்பாத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் எந்தத் தண்ணீர்தான் சூடாகாது என்று தனக்குத் தானே எரிந்து விழுந்துகொண்டு, உளியைக் கல்லில் வைத்துத் தன் பக்கத்துக்கு வாயைத் திருப்பி எடுத்தான். நல்ல இரும்பு வீணாகப் பொறியாய்ப் பறந்தது. கொட்டகையில் வேப்பமரத் தூசி வாசனையும் சுட்ட இரும்பின் வாசனையும் எப்போதும் இருக்கும். அன்றைக்கு அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. கிராம்பு. அவன் அதை மூக்கோடு நிறுத்திக்கொண்டான், மனசுக்குள் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது உளி. அதே சரிவு, அதே வழிப்பு. பலகையில் இடமிருந்து வலமாக வரிசை தப்பாமல் அடுத்தது.

அந்த வரிசையையும் அவனுக்குத் தெரியும். பதினாறு வருஷம் இந்தக் கொட்டகையில் கூட்டாக வேலை செய்த சோலைமலை இடதுகைக்காரன். சொத்தைப் பல் வலிக்காகக் கிராம்பை எந்நேரமும் கடைவாயில் அடக்கியிருப்பான். சாணைக்கு நின்றால் முதல் உளியில் தொடங்கி ஐந்தாவது வரை பிடித்து முடிக்காமல் நகர மாட்டான். ஐந்தும் முடிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, உளியின் மரப்பிடியால் கல்லை மூன்று தரம் தட்டுவான். நல்ல கல் என்றால் கணீரென்று வெண்கலச் சத்தம் கேட்கும். உள்ளுக்குள் விரிசல் விட்ட கல் 'தட்' என்று ஊமையாய்ச் சொல்லும். அப்படிச் சொன்ன கல்லை மெஷினில் விடக் கூடாது. சுற்றுகிற வேகத்தில் வெடித்துச் சிதறும். தொழிலுக்கு வந்தவன் கற்றுக்கொள்கிற முதல் பாடம் அது.

சோலைமலை அப்படித்தான் செத்தான். கல் வெடித்துக் கையகலத் துண்டு ஒன்று கழுத்தில் இறங்கியது. போலீஸ் வந்து பார்த்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. சகாயராஜ் புதுக் கல் மாட்டித் தொழிலைத் தொடர்ந்தான். அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்தது ஒரே ஒரு ஆளுக்கு. அந்த ஆள் வாயைத் திறப்பதாக இல்லை.

இப்போது எவனோ அந்த வாயைத் திறக்கப் பார்க்கிறான். சோலைமலையின் சரிவு இந்த உளிகளில் இருப்பதைப் பழைய கடைசல்காரன் எவனாவது பார்த்தால் கேட்பான். கேள்வி ஒன்றில் நிற்காது. கொட்டகைக்கு இரண்டு சாவி. ஒன்று தன்னிடம் இருக்கிறது, மற்றது சோலைமலையிடம் இருந்தது. அதை இவன் திருப்பிக் கேட்கவே இல்லை. விளங்கிவிட்டது என்று பல்லைக் கடித்தான்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கொட்டகையைப் பூட்டிவிட்டு வண்டியை மதுரை ரோட்டில் விரட்டினான். சின்னாளப்பட்டியில் சோலைமலையின் மனைவி ஒச்சாயி, பிறந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் அதை வாங்காமல், சாவியை யாரிடம் கொடுத்து அனுப்புகிறாய், உன் தம்பியா, என்று ஆரம்பித்தான். வரும் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்ததை அப்படியே கொட்டினான். ஒச்சாயி செம்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாவி அவரு அரைஞாண் கயித்துல கெடந்துச்சுண்ணே," என்றாள். "அவுக்க மனசு வரல. அதோடயேதான் பொதைச்சோம்."

அவன் வண்டியைத் திருப்பினான். அவள் பின்னாலேயே வந்து, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது போல மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு அந்தக் கல்லத் தட்டிப் பாக்காமயாண்ணே இருந்துருப்பாரு? தட்டாம எதையும் ஓட்ட மாட்டாரே மனுசன்."

"செத்தவன்கிட்டப் போய்க் கேளு," என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாலும் கோபம் மட்டும் இறங்கவில்லை. எல்லோர் மேலேயும் கோபம். இந்தப் பெண் அழாமல் நிற்கிறாளே என்று அவள் மேல். வெயில் மேல். எல்லாவற்றையும் விட, செத்தும் அடங்காத அவன் மேல்.

அன்று சாயங்காலம் சோறு போடும்போது அவன் மனைவி ஜெஸ்ஸி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, மத்தியானம் வெயிலில் கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லையே என்று குறைப்பட்டாள். அவன் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"நாலு தடவை கூப்பிட்டேன். முதுகக் காட்டிக்கிட்டு கல்லுலயே நின்னீக. தூக்குச் சட்டிய வெச்சுட்டு வந்துட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஒரு மணி இருக்கும். அது என்ன புதுப் பழக்கம், இடது கையால புடிச்சுக்கிட்டு?"

ஒரு மணிக்கு அவன் சின்னாளப்பட்டி ரோட்டில் இருந்தான். கதவு எப்படித் திறந்திருந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, கண் தெரியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போ என்று கத்தினான்.

வியாழக்கிழமை காலை போய்ப் பார்த்தபோது மூன்றாவது உளியின் வாய் இடப்பக்கம் சரிந்திருந்தது. தூக்குச் சட்டி காலியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சகாயராஜ் மன்சூரிடம் போய், இருப்பதிலேயே பெரிய மாங்காய்ப் பூட்டாக வாங்கி வந்தான். மத்தியானம் அதைப் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் எதிரே மன்சூரின் பட்டறையிலேயே உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் வரவில்லை. கதவு அசையவில்லை. உள்ளே கல் ஓடத் தொடங்கியது. முதலில் முனகலாய், அப்புறம் சீராய். இரும்பு படும்போது அந்தச் சீறல். முக்கி எடுக்கும்போது தண்ணீரில் ஒரு 'சுர்'. மன்சூர் இவன் முகத்தைப் பார்த்தார். இவன் தரையைப் பார்த்தான். அரைமணி நேரம் கழித்துச் சத்தம் நின்றதும் போய்த் திறந்தான். நாலாவது உளி முடிந்திருந்தது. கல் இன்னும் முழுசாய் நிற்கவில்லை. சோம்பலாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. குழிவு கடைகிற வளைந்த உளி. அது முடிந்தால் அடுத்து என்ன என்ற பயம் எட்டிப் பார்த்தது. உடனே அந்தப் பயத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது. பதினாறு வருஷம் கட்டிய தொழில். ஒரு செத்த பயலுக்குப் பயந்து விட்டுவிட்டு ஓடுவதா? ஓடினால் ஏன் ஓடினாய் என்று கேட்க மாட்டார்களா? ஐந்தாவது உளியைத் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்த் தலைமாட்டில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பென்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் கிடையாது, பேப்பரிலேயே போட்டிருந்தது. அவனுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. கரண்ட் இல்லாமல் எந்தக் கல் ஓடும்? போகாதீக என்று ஜெஸ்ஸி சொல்லிப் பார்த்தாள். கேட்காமல் உளியை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்குக் கொட்டகைக்குள் போய், புதுப் பூட்டை உள்பக்கத் தாழ்ப்பாளில் போட்டுப் பூட்டினான். மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்றித் தரையில் போட்டான். கல்லுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, உளியை மடியில் வைத்து வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். முடிந்தால் என் கையிலிருந்து பிடுங்கிப் பார்.

வெளியே சந்து ஓய்ந்து கிடந்தது. மன்சூர் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். ஒரு மோட்டார் இல்லை, ஒரு அரம் இல்லை. தகரக் கூரை வெயிலில் விரிந்து அங்கங்கே 'டொக்' என்றது. ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் நூல் நூலாக இறங்கி, அதில் மரத்தூசி மிதந்தது. வேர்வை புருவத்தில் கோத்தது. நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். சிரிப்புக்கூட வந்தது. அப்புறம் தூசி ஒரு பக்கமாக நகர்வதைக் கவனித்தான். வெயில் நூல்களில் மிதந்த தூசியெல்லாம் தென்மூலையைப் பார்த்து, அவசரமில்லாமல், போய்க்கொண்டிருந்தது.

கல் சுற்றியது.

வயர் தரையில் கிடந்தது. கரண்ட் ஊரிலேயே இல்லை. கல் சுற்றியது.

"நிறுத்துலே," என்றான். "ஒன் பங்குக்குத்தானே அன்னைக்கு அந்தப் பேச்சுப் பேசுன. சித்தையன்கோட்டையில தனிப் பட்டறை போடுறேன், பாதிச் சாமான எடுத்துட்டுப் போறேன்னு. போயிட்டேல்ல. அப்புறம் எதுக்குலே வார?"

கல்லின் சத்தம் ஏறியது. சீரான, பழகின சத்தம். கிராம்பு வாசனை கனத்து வந்தது. அவன் எழுந்தான். எழுந்தது ஓடத்தான். ஆனால் கால் தென்மூலைக்கு நடந்தது. உளி இடது கையில் இருந்தது. எப்போது மாறியது என்று தெரியவில்லை.

இடது கை உயர்ந்தது. மணிக்கட்டு அவனறியாத ஒரு பக்கமாய் மடங்கியது. அந்தக் கைக்கு மேல் இன்னொரு கை. கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டியதில்லை. அந்தக் கட்டைவிரலின் காய்ப்பு அவனுக்குத் தெரியும்.

இரும்பு கல்லில் பட்டது. பொறி பறந்தது. முழங்கை மயிர் பொசுங்கியது. வலது கையால் இடது கையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை.

"சரிலே. சொல்றேன்." அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நீ சண்டை போட்டுட்டுப் போன பின்னாடி புதுக் கல்லப் பிரிச்சேன். கைதவறி விழுந்துச்சு. தட்டிப் பாத்தேன். 'தட்'னுதான் சொல்லுச்சு. தெரிஞ்சேதான் மாட்டுனேன். காலையில மாத்திருவோம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ திரும்பி வந்துட்ட. தட்டிப் பாத்தியா ராஜுன்னு கேட்ட. ஒன் மேல இருந்த கோவத்துல நான் திரும்பாமயே..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அவன் சொன்னது 'ம்'. அந்த ஓரெழுத்து மட்டும்தான். அதை நம்பி சோலைமலை கல்லை ஓட்டினான்.

பொறி உளியின் வாய்க்கு மேலே ஏறி வந்தது. அப்படி ஏறினால் சாணை முடிந்தது என்று அர்த்தம். கல் தளர்ந்தது. முனகியது. நின்றது.

இடது கை விடுபட்டது. உளி சூடாக இருந்தது. வாய் இடப்பக்கம் சரிந்து, கண்ணாடியாய் மின்னியது. சகாயராஜுக்கு மூச்சு வந்தது. சொல்லியாயிற்று. ஐந்தும் முடிந்துவிட்டது. அவன் ஆண்டவருக்கு நன்றி சொல்ல நினைத்தான். அப்போது உளியை யாரோ அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். பிடுங்கவில்லை. பக்கத்தில் நிற்கிற வேலைக்காரன் வாங்குகிற மாதிரி, இயல்பாக.

ஐந்தும் முடிந்த பிறகு சோலைமலை என்ன செய்வான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மரப்பிடி அவன் நெஞ்செலும்பில் பட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

காதோரம் கிராம்பு மூச்சு நின்றது. உற்றுக் கேட்டது. அவனுக்கும் கேட்டது. தன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தம்.

தட்.

அந்தச் சத்தம் வந்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். அவனுக்குத் தெரியும். அன்றைக்கு ஒதுக்கிவைக்காதது யாரென்றும் தெரியும். சுவர் ஆணியில் தொங்கிய ஸ்பேனர் எடுபட்டது. மெஷினில் மரை திரும்பியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கல் கழன்று வந்து, அலுங்காமல், தரையில் சுவரோரமாய்ச் சாய்ந்தது. கல் மாட்டுகிற இரும்புத் தண்டு மொட்டையாக, அடுத்த கல்லுக்காக நீண்டிருந்தது.

தகரக் கதவை யாரோ தட்டினார்கள்.

"ஏங்க." ஜெஸ்ஸியின் குரல். "மனசு கேக்கல, வந்துட்டேன். உள்ளதான் இருக்கீகளா? ஒண்ணும் இல்லையே?"

கத்தினான். உயிரைத் திரட்டி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். கதவை உடை என்று கத்தினான். தொண்டை வரை வந்தது. வாய் திறக்கவில்லை. மூடிய உதட்டுக்குள்ளிருந்து ஒன்றே ஒன்று வெளியே வந்தது.

"ம்."

"சரி," என்றாள் ஜெஸ்ஸி, நிம்மதியாக. தூக்குச் சட்டியைக் கதவோரம் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் செருப்புச் சத்தம் சந்தில் தேய்ந்து போனது.

இடது கையை அந்தக் கை மறுபடி பிடித்து, கல் இருந்த இடத்துக்கு அவனை இழுத்தது. தண்டு சுற்றத் தொடங்கியது.